பச்சைப் பொத்தானில் இருந்து தொடங்குங்கள்

கேள்வி: மூன்று வருடமாகத் தினமும் இரவு ஒரு பக்கம் எழுதுகிறேன். அன்றைய செய்தி, பார்த்த ஆட்டம், கைபேசியில் வந்த புது வசதி, வீட்டில் நடந்தது என்று எது மனதில் நிற்கிறதோ அதைப் பற்றி. வயது 43, கணக்குப் பிரிவில் வேலை. எந்தத் துறையிலும் நிபுணன் இல்லை. "எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் உருப்படாது, ஒரு துறையைப் பிடி" என்கிறார் நண்பர். எழுதியது மூன்றே நாளில் பழசாகிவிடுகிறது. வீட்டு விஷயத்தை எழுதினால் மனைவிக்குப் பிடிப்பதில்லை. செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துச் செப்பனிடலாமா என்றும் ஒரு யோசனை. மூன்று கட்டுரைகளை அனுப்பியிருக்கிறேன். என் எழுத்து தேறுமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அனுப்பிய மூன்றில் ஒன்று தேறும். 28 வருடம் பிறர் எழுதியதைத் திருத்தியே சம்பளம் வாங்கியவன் நான். மூன்றுக்கு ஒன்று என்பது நல்ல கணக்கு. பெயர் பெற்றவர்களிடமே பல வாரம் எனக்கு அது கிடைத்ததில்லை.

ஆனால் எந்த ஒன்று என்பதில் நமக்குள் சண்டை வரலாம். முதலில் நீங்கள் வைத்திருப்பது உலகக் கணினி முடக்கம் பற்றிய கட்டுரை. அடுத்தது விம்பிள்டன். கடைசியில், "இது சும்மா, சிரிப்புக்காக எழுதியது" என்ற குறிப்போடு, அப்பாவின் கைபேசி. நான் எடுத்து வைத்தது அந்தச் சும்மாவைத்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

"இன்றைய கணினிமயமான உலகில்" என்ற முதல் வரியைப் பார்த்ததுமே என் சிவப்புப் பேனா தானாக மூடியைக் கழற்றிக்கொண்டது. தமிழில் எழுத உட்காரும் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. இன்றைய அவசர உலகில், இன்றைய நவீன யுகத்தில், உலகமே விரல் நுனியில். முடிக்கும்போது "காலம்தான் பதில் சொல்லும்" அல்லது "சமூகம் சிந்திக்க வேண்டிய நேரம் இது". எழுதுகிறவர் இன்னும் எழுதத் தொடங்கவில்லை, தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். உங்கள் ஆயிரத்துச் சொச்சம் பக்கங்களில் இந்த வரிகளை மட்டும் அடித்துப் பாருங்கள். பல கட்டுரைகள் இரண்டாவது பத்தியில் நன்றாகவே தொடங்கும்.

2024 ஜூலை 19 முடக்கம் பற்றிய கட்டுரையின் முதல் எட்டுப் பத்திகளில் இருப்பது அன்று எல்லோரும் கேட்ட செய்தி. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின, வங்கிகள் தடுமாறின. உண்மைதான், ஆனால் அதைச் சொல்ல நீங்கள் எதற்கு? ஒன்பதாவது பத்தியில், போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: "எங்கள் அலுவலகத்தில் பழைய பேரேட்டைத் தேடி எடுத்தார்கள். அதில் பதியத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார், அவரும் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார்."

அட, இதைப் போய் ஒன்பதாவது பத்தியில் புதைப்பார்களா!

அந்த மனிதர் அன்று எப்படி இருந்தார்? சலித்துக்கொண்டாரா, உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாரா? சுற்றி எத்தனை பேர் நின்று பார்த்தார்கள்? பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்று இளையவர் யாராவது கேட்டார்களா? மறுநாள் கணினி உயிர் பெற்றதும் அந்தப் பேரேடு எங்கே போனது? உலகத்தில் எத்தனை நிருபர்கள் இருந்தாலும் இதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். நிபுணராக இல்லாமல் எழுதலாமா என்று கேட்டீர்களே, அந்த அறையில் அன்று நின்ற வகையில் நீங்கள்தான் நிபுணர்.

அதே கட்டுரையில் இரண்டு தவறுகள். "கோடிக்கணக்கான கணினிகள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மைக்ரோசாஃப்ட் சொன்ன மதிப்பீடு 85 லட்சம். உலகத்தில் ஓடும் விண்டோஸ் கணினிகளில் அது 1 சதவீதத்துக்கும் குறைவு. கணக்குப் பிரிவில் இருப்பவர் இப்படி அளக்கலாமா? எண் தவறு என்பதோடு விஷயம் முடியவில்லை, அந்த மிகையால் கட்டுரையே கெட்டது. நூற்றில் ஒன்றுகூட முழுதாக விழவில்லை, அதற்கே விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள் என்பதுதான் அடிவயிற்றைக் கலக்குகிற செய்தி. கோடி என்று ஊதியதில் அந்தக் கலக்கம் காணாமல் போய்விட்டது.

"ஹேக்கர்களின் கைவரிசை" என்பது இன்னொன்று. அன்று முதல் சில மணி நேரம் பலருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. நடந்தது வேறு. பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒன்று தானே அனுப்பிய புதுப்பிப்பில் பிழை இருந்தது. அதை அவர்கள் சுமார் 80 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே நீலத் திரையோடு நின்றுபோன கணினிகளில் பெரும்பாலானவற்றை ஆள் போய் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையால்தான் எழுப்ப வேண்டியிருந்தது. இது தெரிந்திருந்தால் உங்கள் பேரேட்டுக்காரருக்கு ஒரு ஜோடி கிடைத்திருக்கும். ஒரு பக்கம் கையால் பதிகிறவர், இன்னொரு பக்கம் கணினி கணினியாக ஏறி இறங்கும் பராமரிப்பு ஆள். இரண்டு பத்தியில் கட்டுரை முடிந்திருக்கும்.

சரி, நண்பர் விஷயம். ஒரு துறையைப் பிடி என்பது வேலை தேடுகிறவருக்கு நல்ல ஆலோசனை. தினமும் இரவு ஒரு பக்கம் எழுதுகிறவருக்கு அது பொருந்துமா என்று எனக்குச் சந்தேகம். அவரிடம் ஒன்று கேளுங்கள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் நாடியா கோமனேச்சி என்ற 14 வயதுப் பெண் ஜிம்னாஸ்டிக்ஸில் 10-க்கு 10 வாங்கினாள். ஒலிம்பிக்கில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் வாங்கியதில்லை. மதிப்பெண் பலகையில் தெரிந்ததோ 1.00. பத்து என்ற மதிப்பெண் வராது என்று நம்பி, அதைக் காட்ட இடமில்லாமல் பலகையைச் செய்திருந்தார்கள். இதைப் பத்திரிகையில் எந்தப் பக்கத்தில் போடுவது? விளையாட்டா, தொழில்நுட்பமா, நடப்புச் செய்தியா? பக்கம் பிரிப்பது எங்கள் அலுவலக வசதிக்காக. நடக்கிற விஷயங்களுக்கு அந்த ஏற்பாடு தெரியாது.

நிபுணத்துவம் இல்லாதவரால் மட்டுமே கேட்க முடிகிற கேள்விகளும் உண்டு. 2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸில் நடந்த கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நினைவிருக்கும். நியூசிலாந்து 241, இங்கிலாந்து 241. சூப்பர் ஓவரிலும் இரண்டு அணிக்கும் 15. கடைசியில் பவுண்டரிகளை எண்ணினார்கள்: இங்கிலாந்து 26, நியூசிலாந்து 17. கோப்பை இங்கிலாந்துக்கு. அந்த வாரம் என் மேசைக்கு வந்த கட்டுரைகளில் பாதி "அநியாயம்" என்று தொடங்கின. மீதிப் பாதி "விதி விதிதான்" என்று தொடங்கின. ஒன்றை மட்டும் இன்னும் மறக்கவில்லை. எழுதியவர் கிரிக்கெட் நிபுணர் இல்லை, பத்து வயது மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர். "பவுண்டரியை எண்ணுறாங்க சரி, விக்கெட்டை ஏன் எண்ணலை?" என்று அவள் கேட்டாளாம். நியூசிலாந்து இழந்தது 8 விக்கெட், இங்கிலாந்து 10. அப்பாவிடம் பதில் இல்லை. இல்லை என்பதை அப்படியே எழுதி, அதோடு நிறுத்திக்கொண்டார். சில மாதம் கழித்து, அக்டோபரில், ஐசிசி அந்தப் பவுண்டரி எண்ணும் விதியையே கைவிட்டது. அந்தச் சிறுமிக்கு யாராவது தகவல் சொல்லியிருந்தால் நன்றாக இருக்கும்.

நிபுணர் இல்லாதவர் வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடமும் இருக்கிறது. எந்த மருந்து யாருக்கு ஆகும், எந்த வழக்கில் யார் குற்றவாளி, பணத்தை எதில் போடலாம் – இந்த மூன்றிலும் தீர்ப்பு எழுதாதீர்கள். உங்களுக்கு என்ன நடந்தது, உங்களுக்கு எது விளங்கவில்லை என்பதோடு நில்லுங்கள். தப்பாகப் போனால் விலை கொடுப்பது அதைப் படித்து நம்பியவர், நீங்கள் இல்லை.

மூன்றே நாளில் பழசாகிறது என்ற குறைக்கு உங்கள் விம்பிள்டன் கட்டுரையே நல்ல உதாரணம். 2025 போட்டியில், 147 வருடப் பழக்கத்தை முடித்து, எல்லைக்கோட்டு நடுவர்களை எடுத்துவிட்டு முழுக்க மின்னணு முறையைக் கொண்டுவந்தார்கள். முதல் வாரத்தில் நீங்கள் எழுதிவிட்டீர்கள்: "இனி தவறுக்கே இடமில்லை." ஜூலை 6 அன்று, சென்டர் கோர்ட்டிலேயே, பாவ்லியுசென்கோவாவும் சோனே கார்டலும் ஆடிய ஆட்டத்தில் பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தும் "அவுட்" என்ற மின்னணுக் குரல் வரவில்லை. அந்தப் பக்கத்தில் கருவியைத் தவறுதலாக நிறுத்தி வைத்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நடுவர் அந்தப் புள்ளியைத் திரும்ப ஆடச் சொன்னார். பாவ்லியுசென்கோவா அந்த கேமை இழந்தார், கடைசியில் ஆட்டத்தை வென்றார், வேறு விஷயம்.

அதற்கு அப்புறம் நீங்கள் செய்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பழைய கட்டுரையைத் திறந்து, "இடமில்லை" என்பதை "இடம் குறைவு" என்று சத்தமில்லாமல் மாற்றிவிட்டதாகக் கடிதத்தில் நீங்களே சொல்கிறீர்கள். அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் பேரேட்டுக்காரரைக் கேளுங்கள், தவறான பதிவை அவர் சுரண்டி அழிப்பாரா? கீழே தேதி போட்டுத் திருத்தப் பதிவு எழுதுவார். நீங்களும் அதையே செய்யுங்கள். "தவறுக்கே இடமில்லை" என்று நம்பிய ஆளும், ஒரு வாரத்தில் விழித்துக்கொண்ட ஆளும் ஒரே தாளில் இருந்தால் அதைப் பத்து வருடம் கழித்தும் படிக்கலாம். திருத்திய பிரதியில் இரண்டு பேருமே இல்லை.

நானும் யோக்கியன் இல்லை. துணையாசிரியராகச் சேர்ந்த புதிதில் ஓர் இறுதி ஆட்டத்துக்கு, முடிய இருபது நிமிடம் இருக்கும்போதே தலைப்பை எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். தோற்க வேண்டியவர்கள் வென்றார்கள். வெளியூர்ப் பதிப்பு முழுக்க என் தலைப்போடு போய்ச் சேர்ந்தது. ஆசிரியர் திட்டவில்லை. அந்தப் பிரதியில் ஒன்றை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு வருடம் அதைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தேன். அன்றிலிருந்து, அவசரமாக எழுதியதை ஓர் இரவு தூங்கவிட்டு எடுப்பது என் பழக்கம். உங்களுக்கு அச்சகம் காத்திருக்கவில்லை, நிருபர்களோடு போட்டியும் இல்லை. ஏன் அன்றைக்கே முடிக்க வேண்டும்? இரவில் மூன்று வரி குறிப்பு மட்டும் எழுதுங்கள்: என்ன பார்த்தேன், யார் என்ன சொன்னார், எனக்கு எது விளங்கவில்லை. வாரக் கடைசியில் ஏழு குறிப்புகளையும் எடுத்துப் பாருங்கள். இன்னும் எது உறுத்துகிறதோ அதை எழுதினால் போதும். தினமும் ஒரு பக்கம் என்ற நேர்த்திக்கடனைக் கைவிடலாம்.

இப்போது அப்பாவின் கைபேசி. புதுப்பிப்பு வந்த மறுநாள் அவர் கைபேசியில் அழைப்பை ஏற்கும் முறை மாறிவிட்டது. முன்பு அழுத்தினால் போதும், இப்போது இழுக்க வேண்டும். அவர் பச்சைப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கிறார். மணி அடித்து ஓய்கிறது. நீங்கள் பாதியில் வைத்துவிடுவதாக அவர் நினைக்கிறார், அவர் எடுக்காமல் விடுவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். இரண்டு நாள் இப்படிப் போகிறது. தொழில்நுட்பம் வந்து மனிதர்களைப் பிரிக்கிறது என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை, கும்பிடுகிறேன். பொத்தான் மட்டும் இருக்கிறது. அழுத்துகிற விரல் மட்டும் இருக்கிறது.

கட்டுரையில் எனக்கு இடிப்பது அதன் சிரிப்பு. நான்காவது முறை சொல்லிக்கொடுத்தும் அவருக்குப் பிடிபடாததை நகைச்சுவையாக ஆக்கியிருக்கிறீர்கள். கைபேசியைக் காதுக்கு வைத்துவிட்டு விரலால் காற்றை இழுத்தார் என்கிற இடத்தில் படிக்கிறவர் சிரிப்பார், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முந்தின வரியில், "நானும் ரெண்டு தடவை கத்திவிட்டேன்" என்று எழுதி, சட்டென்று தாண்டிப் போகிறீர்கள். கத்தியபோது அவர் முகம் எப்படி இருந்தது? கைபேசியைக் கீழே வைத்தாரா? அந்தப் பொத்தானை மாற்றியவர் எங்கோ ஒரு நிறுவனத்தில் இருக்கிறார், திட்டு வாங்கியவர் உங்கள் அப்பா. கேலியை அவர் பக்கம் இருந்து எடுத்து உங்கள் பக்கம் கொஞ்சம் திருப்பி வையுங்கள். சிரிப்பு குறையாது, நிறம் மாறும்.

இங்கேதான் உங்கள் மனைவியின் கேள்வியும் வருகிறது. அவர் சொல்வதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இரவு உணவு மேசையில் அவர் சொன்ன வார்த்தை மறுநாள் ஊர் பார்க்க நிற்கிறது. இனி உங்கள் முன்னால் அவர் யோசித்துத்தான் பேசுவார், உங்களுக்கு எழுதக் கிடைப்பதும் குறையும். வெளியே அனுப்பும் முன் அவரிடம் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம், காரணம் கேட்காதீர்கள். கோபத்தில் சொன்னது, நோயில் சொன்னது, பணத்தைப் பற்றிச் சொன்னது மூன்றையும் கேட்காமலே விட்டுவிடுங்கள். குழந்தைகளைப் பற்றி எழுதும்போது, இருபது வயதில் அவர்கள் இதைப் படித்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கும் காட்டுங்கள். படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை என்றால் வாசித்துக் காட்டுங்கள். முகத்துக்கு நேரே வாசிக்கக் கூசுகிற வரி எதுவோ, அதுதான் திருத்த வேண்டிய வரி.

செயற்கை நுண்ணறிவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒற்று மிகுமா மிகாதா, எழுத்துப்பிழை உண்டா என்று பார்க்கக் கொடுங்கள். அது சொல்வதையும் ஒருமுறை சரிபாருங்கள், தமிழ்ச் சந்தியில் அது தைரியமாகத் தவறு செய்யும். தேதி, எண்ணிக்கை, யார் என்ன சொன்னார் என்பதை அதனிடம் கேட்டு அப்படியே எழுதிவிடாதீர்கள். இல்லாததையும் உண்மையைச் சொல்லும் அதே குரலில் சொல்லும். "செப்பனிட்டுக் கொடு" என்று மட்டும் கேட்கவே வேண்டாம். ஆர்வத்தில் உங்கள் கைபேசிக் கட்டுரையை நானே ஒன்றில் போட்டுப் பார்த்தேன் (உங்கள் அனுமதி இல்லாமல் செய்தது தப்புதான், பெயர்களை எடுத்துவிட்டுத்தான் போட்டேன்). பிழையில்லாமல் வந்தது. தொடக்கத்தில் "இன்றைய டிஜிட்டல் உலகில்" முளைத்திருந்தது. "ரெண்டு தடவை கத்திவிட்டேன்" என்பது "சற்றுப் பொறுமை இழந்தேன்" ஆகியிருந்தது.

முடக்கம் கட்டுரையில் பேரேட்டுக்காரரை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள். ஓய்வு பெற்றுவிட்டாலும் ஆளைத் தேடிப் போய்ப் பேசலாம், அவருக்கும் பொழுது போகும். விம்பிள்டன் கட்டுரையில் பழைய வரியைத் திரும்பக் கொண்டுவந்து, கீழே தேதியோடு நடந்ததைச் சேருங்கள். அப்பாவுடையதை, வீட்டில் சம்மதம் வாங்கிய பிறகு, எனக்கு மறுபடி அனுப்புங்கள்.

அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அந்த இரண்டு நாளும் நீங்கள் மாற்றி மாற்றிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்களே, என்ன சொல்வதற்காக?